குருநாதன் பார்த்த வேலை

ஆதார் அட்டையின்படி குருநாதன் இறந்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவிக்கு மாத்திரை வாங்குவதற்காக வேலங்குளத்திலிருந்து சாயல்குடிக்குச் சைக்கிளில் கிளம்பினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு இராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. வேனில் வந்தவர்களே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஐந்தாம் நாள் காலையில் உயிர் போனது.

அந்த நான்கு நாளும் அவருடைய மனைவி சண்முகவள்ளிக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சண்முகவள்ளி மூன்று வருடமாகக் கட்டிலில் கிடப்பவர். மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார், பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப்போய், நாளைக்கு ஐந்தாறு சொல்தான் வெளியே வரும். பக்கத்து வீட்டு ஜெயசுதா கஞ்சி கொண்டுவந்து ஊட்டியபோது, சண்முகவள்ளி இடது கையால் வாசலைக் காட்டினார். பெரியப்பா மதுரைக்கு ஒரு சோலியாகப் போயிருக்கிறார் என்று ஜெயசுதா சொன்னாள். மதுரையில் அவருக்கு எந்தச் சோலியும் கிடையாது என்பது சண்முகவள்ளிக்குத் தெரியும். மூன்றாம் நாளிலிருந்து அவர் வாசலைக் காட்டவில்லை.

மகள் நாகஜோதி திருப்பூரில் இருந்தாள். ஒரே பிள்ளை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, பதினான்கு வருடத்தில் லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். அவள் கணவன் மாரீஸ்வரன் சாயப்பட்டறை ஒன்றில் டெம்போ ஓட்டினான். மகள் கனி பத்தாம் வகுப்பு. மதுரையில் உடலை வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் நாகஜோதிக்கு வேறு எதையும் நினைக்க நேரமில்லை. காரியம் முடிந்த மறுநாள், பந்தல்காரர் வந்து தகரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, மாரீஸ்வரன் மெதுவாகக் கேட்டான், அத்தையை இனி யார் பார்ப்பது என்று.

திருப்பூருக்குக் கூட்டிப்போக வழியில்லை. அவர்கள் குடியிருந்தது இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. கக்கூஸ் கீழே, ஆறு குடித்தனத்துக்குப் பொது. ஒரு மாதம் தான் இருந்து பார்ப்பதாகவும், அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் நாகஜோதி சொன்னாள். கம்பெனியில் இருபது நாள் விடுப்பு கொடுத்தார்கள். கனிக்குப் பரீட்சை. அப்பனும் மகளும் பஸ் ஏறினார்கள். ஏற்பாடு எதுவும் அமையவில்லை. சித்திரையில் கம்பெனிப் பதிவேட்டில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

படுத்திருக்கிற ஒருவரைப் பார்ப்பது அவ்வளவு பெரிய வேலையாக நாகஜோதிக்கு முதலில் தோன்றவில்லை. அறுபது மெஷின்களைச் சமாளித்தவள் அவள். காலையில் அம்மாவைத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றினாள். பிறகு தண்ணீர் பிடிப்பது, அவள் அய்யா குருநாதன் விட்டுப்போன நான்கு ஆடுகளுக்குக் கருவேலங்காய் பொறுக்குவது என்று பகல் போனது. இரண்டு மணிக்கொருமுறை ஊருக்கு வந்து திரும்புகிற டவுன் பஸ்ஸின் சத்தம் கேட்கும்போதெல்லாம் சண்முகவள்ளி வாசலைப் பார்த்தார். அய்யா வந்துவிடுவார் என்று அம்மா நினைக்கிறாள் போல என்று நாகஜோதி நினைத்தாள். இரண்டொரு முறை அதைத் தாங்க முடியாமல் வெளியே போய் நின்றுவிட்டாள்.

இரண்டாவது மாதத்தில் புண் வந்தது. இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் முதலில் சிவப்பாக இருந்தது. வியர்க்குரு என்று பவுடர் போட்டாள். பத்து நாளில் தோல் கழன்று குழியானது. ஆட்டோ பிடித்து இராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, கட்டுப் போட்ட நர்ஸ், எத்தனை நாளாகப் படுக்கையில் இருக்கிறார் என்று கேட்டாள். மூன்று வருடத்துக்கு மேல் என்று நாகஜோதி சொன்னாள். இதற்கு முன் புண் வந்ததே இல்லையா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை. முன்னால் யார் பார்த்துக்கொண்டார்கள்? அய்யா. நாகஜோதி துணியை அலசப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஊருக்குத் திரும்பினார்கள். விஷயம் தெரிந்து பார்க்க வந்த ஜெயசுதாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“ஏக்கா, பெரியம்மாவத் திருப்பிப் போடுறியா?”

“காலையில ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா போடுறேன்.”

“பெரியப்பா பஸ்ஸு சத்தம் கேட்டா எங்கன இருந்தாலும் ஓடியாருவாகளே. ஒரு பஸ்ஸுக்கு இந்தப் பக்கம், அடுத்த பஸ்ஸுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸு வராத நாளு என்ட்ட வந்து மணி கேப்பாக. ராத்திரிக்கும் எந்திரிச்சுப் போடுவாக போல, லைட்டு எரியும். உனக்குத் தெரியாதா?”

நாகஜோதிக்குத் தெரியாது. தீபாவளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவளுக்கு, அய்யா எழுந்து எழுந்து போவது வயதானவர் சுபாவமாகத்தான் தெரிந்திருந்தது. ஆமணக்கெண்ணெய் தேய்ப்பது, பழைய வேட்டியைக் கிழித்து வெயிலில் காயவைத்துக் குதிகாலுக்குக் கீழே சுருட்டி வைப்பது, வாயின் இடது பக்கமாக மட்டும் ஊட்டுவது எல்லாவற்றையும் ஜெயசுதா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு அம்மாவிடம் வந்தாள்.

“பஸ்ஸு வாரப்ப நீ அய்யாவத் தேடலயா? திருப்பிப் போடச் சொன்னியா?”

சண்முகவள்ளி கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்பதற்கு அவர் அப்படித்தான் செய்வார்.

விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று சொன்னது மாரீஸ்வரன். வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. இராமநாதபுரத்தில் மாலதி என்ற வழக்கறிஞரிடம் போனார்கள். ஐம்பது வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுவார். முதலில் கேட்டது, உங்கள் அய்யா என்ன வேலை பார்த்தார் என்பது. வேலைக்குப் போகவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டார் என்றாள் நாகஜோதி. மாலதி பேனாவை மூடிவைத்தார். அறுபத்தெட்டு வயது, முதியோர் பென்ஷன் வாங்குகிறவர், வருமானமில்லை என்றால் அந்தப் பக்கத்து வக்கீல் ஒன்றுமே வேலை செய்ய வேண்டியதில்லை என்றார். உயிருக்கு விலை கிடையாது, சம்பாத்தியத்துக்குத்தான் கணக்கு; சம்பாத்தியம் இல்லையென்றால் ஈமச்செலவு, இன்னும் ஒன்றிரண்டு தலைப்பு, அதோடு முடிந்தது. நூறு நாள் வேலை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். சண்முகவள்ளி விழுந்த மாதத்தோடு பதிவு நின்றுபோயிருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இதைக் காட்டவே வேண்டாம், இவர் கடைசியாக யாரிடம் கூலிக்குப் போனார் என்று கேட்டார்.

குருநாதன் முப்பது வருடம் வேலை பார்த்தது தங்கப்பாண்டியின் காட்டில். தங்கப்பாண்டிக்கு இருபது ஏக்கருக்கு மேல் மிளகாய். முண்டு வத்தல் விலை ஏறிய வருடங்களில் மாடி கட்டியவர். நாகஜோதி போய் நின்றபோது அவர் களத்தில் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டதுமே சம்மதித்தார். “அவன் எங்காட்டுல பாத்த வேலைக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டனா? எழுதிக் கொண்டா” என்றார். எழுதிக்கொண்டுபோன தாளை அவர் முழுதாகப் படிக்கவில்லை. குருநாதன் விபத்துக்கு முந்தின நாள் வரை தினம் அறுநூறு ரூபாய் கூலிக்குத் தன் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று அதில் இருந்தது. நாகஜோதிக்கு அது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. முப்பது வருடம் அங்கே உழைத்தது உண்மை. வருடம்தான் கொஞ்சம் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதுகுப் புண்ணைப் பற்றி அவள் மாலதியிடம் சொல்லவில்லை. மாரீஸ்வரனிடம்கூட, ஆஸ்பத்திரியில் சேர்த்தது காய்ச்சலுக்கு என்றுதான் சொல்லியிருந்தாள்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் புண் ஆறியது, ஒருமுறை மறுபடி வந்து மறுபடி ஆறியது. கனி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அம்மா இல்லாமலே அவள் இரண்டு பொதுத்தேர்வு எழுதியிருந்தாள். நாகஜோதி மாதம் ஒருமுறை, ஜெயசுதாவிடம் அம்மாவை விட்டுவிட்டு, காலையில் திருப்பூர் போய் மறுநாள் திரும்புவாள். ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாகிவிட்டது.

சாட்சி சொல்லும் நாளன்று மாலதி அவளை நீதிமன்ற வளாகத்து மரத்தடியில் உட்காரவைத்துத் தயார் செய்தார். வேலை நேரத்தில் அம்மாவை யார் பார்த்தார்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஜெயசுதாவும் அதற்குச் சரி என்று சொல்லியிருந்தாள்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாதவர். வயதைப் பற்றி, பென்ஷனைப் பற்றி, மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். பிறகு சண்முகவள்ளியின் உடம்பைப் பற்றிக் கேட்டார். எழுந்து உட்கார முடியுமா, தானாகச் சாப்பிட முடியுமா, வெளிக்குப் போக முடியுமா என்றெல்லாம் பரிவாகவே விசாரித்தார். எல்லாவற்றுக்கும் நாகஜோதி முடியாது என்றாள். யார் செய்தது என்று கேட்டார். அய்யா என்றாள்.

“காலையில ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவார்னு கடிதத்துல இருக்கு. அந்த நேரம் முழுக்க உங்க அம்மாவ யார் பார்த்தாங்க?”

சொல்ல வேண்டிய பதில் அவள் வாயில் இருந்தது. மாலதி தலைகுனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டால், கூலிக்காக அம்மாவை நாள் முழுக்கப் போட்டுவிட்டுப் போனவர் என்று அய்யாவைச் சொன்னதாகிவிடும் என்று அந்த நேரத்தில்தான் அவளுக்குப் பட்டது. அதை அய்யாவே கேட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

“அய்யா வேலைக்குப் போகலைங்க” என்றாள். “அம்மா விழுந்ததுக்கு அப்புறம் ஒரு நாளும் போகல.”

வக்கீல் கடிதத்தைக் கையில் எடுத்தார். அப்படியானால் இந்தக் கடிதம் பொய்யா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மாலதி எழுந்து, அந்தக் கடிதத்தை வலியுறுத்தவில்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“ஆக, அவர் வீட்டுல சும்மாதான் இருந்தார்.”

“வீட்டுலதான் இருந்தாக. சும்மா இல்லைங்க.”

சோறு கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது எல்லாக் கணவனும் மனைவிக்குச் செய்வதுதானே, அதை வேலை என்று எப்படிச் சொல்வது என்று வக்கீல் கேட்டார். நாகஜோதி கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, சொல்லுங்கம்மா என்றார்.

“மூணு வருசம் எங்க அய்யா பாத்தாக. எங்க அம்மா முதுகுல ஒரு கொப்புளம் வந்ததில்ல. நான் பாக்க ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம் புண்ணு வந்துருச்சு. உள்ள எலும்பு தெரிஞ்சது. ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போடணும்னு எனக்குத் தெரியல. பகலு, ராத்திரி எல்லாம் அய்யா அதைச் செஞ்சிருக்காக. பதினாலு வருசம் கம்பெனியில வேலை பாத்தவ நான். அவுக பாத்த வேலை எனக்கு வரலைங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், பின்பெஞ்சில் மாரீஸ்வரன் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இருக்கிறது, வீட்டில் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது என்றாள். அதைத் தாக்கல் செய்ய மாலதிக்கு இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது.

வெளியே வந்ததும் மாலதி கோபமாகத்தான் பேசினார். சீட்டு இருப்பதை இரண்டு வருடமாகத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார். மாலதிக்கே புரிந்திருக்க வேண்டும், அத்தோடு விட்டுவிட்டு, திருப்பூர்ச் சம்பளச் சீட்டும் வேலையிலிருந்து நின்ற தேதி காட்டும் பி.எஃப். காகிதமும் கொண்டுவரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். “காய்ச்சல்னு சொன்ன” என்றான். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, “எனக்கும் தெரிஞ்சிருக்காது ஜோதி” என்றான்.

அன்று சாயங்காலமே அவள் தங்கப்பாண்டி வீட்டுக்குப் போனாள். வேறு யாரும் சொல்லி அவர் காதுக்குப் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

“கோர்ட்டுல நின்னு எங் கையெழுத்தப் பொய்யின்னு சொல்லிட்டு வந்திருக்க.”

“ஆமா மொதலாளி.”

“உங்களுக்கு நல்லது செய்யத்தான் போட்டேன்.”

“தெரியும் மொதலாளி.”

அவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. தோட்டத்து மோட்டாரில் குளிக்கத் துவைக்க அவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்ததும் நின்றது. இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் நிரப்பி வந்தாள்.

தீர்ப்பு ஐந்து மாதம் கழித்து வந்தது. குருநாதனுக்குக் கூலி வருமானம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. ஆனால் அவர் செய்த பணிவிடையை இன்னொருவரை வைத்துச் செய்திருந்தால் கூலி கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அவர் இறந்ததால் மகள் வேலையை விட நேர்ந்தது. அவர் இருந்தவரை ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, இறந்தபின் வந்தது. ஆகவே அந்தப் பணிக்கு மாதம் ஒன்பதாயிரம் என்று நீதிபதி மதிப்பிட்டிருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்கு, அவர் உயிரோடிருந்தால் அவருக்கே ஆகியிருக்கும் செலவு என்று கழிக்கப்பட்டது. மீதியை ஐந்து வருடத்துக்குப் பெருக்கி, ஈமச்செலவும் மற்றதும் சேர்த்து, நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். வட்டி தனி.

ஐந்து வருடம் என்பது என்ன கணக்கு என்று நாகஜோதி கேட்டாள். இறந்தவர் வயதை வைத்து ஒரு அட்டவணை இருக்கிறது, அவர் வயதுக்கு ஐந்து என்று மாலதி சொன்னார்.

“அய்யா வயசுக்கு அஞ்சு. அம்மா அதுக்கு மேல இருந்தா?”

“அதுக்கு அட்டவணையில எடமில்லம்மா” என்றார் மாலதி. தான் எதிர்பார்த்ததைவிட இது மூன்று மடங்கு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். தொகையைச் சொல்லவில்லை. அய்யா உன்னைப் பார்த்துக்கிட்டதுக்கு கோர்ட்டுல பணம் போட்டிருக்காங்க என்றாள். சண்முகவள்ளி “அவுகளுக்கா?” என்றார் குழறலாக. அவுகளுக்குத்தான் என்றாள் நாகஜோதி. சண்முகவள்ளியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரித்தான் வரும். எது என்று நாகஜோதி கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணம் வந்தபோது பாதியைச் சண்முகவள்ளி பெயரில் வங்கியில் கட்டிப்போட்டார்கள். மீதியில், திருப்பூரில் தரைத்தளத்தில், உள்ளேயே கக்கூஸ் இருக்கிற இரண்டு அறை வீடு ஒன்றை அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்தார்கள். வைகாசியில் ஒரு ஆம்னி வண்டியில் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுச் சண்முகவள்ளியைக் கூட்டிப்போனார்கள். ஜெயசுதா அருப்புக்கோட்டை வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பினாள்.

கம்பெனியில் நாகஜோதிக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. அந்த லைனை இப்போது அவளிடம் வேலை பழகிய பெண் பார்த்தாள். செக்கிங்கில் சேரச் சொன்னார்கள், பகல் ஷிப்ட். சம்பளம் முன்பைவிட மூவாயிரம் குறைவு. ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் அப்படியே போய்விடும் என்று கனி கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தாள். மாரீஸ்வரன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு பட்டறையில் பேசி இரவு ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டான். காலையில் நாகஜோதியும் கனியும் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போவார்கள். பகலில் புரட்டிப் போடுவதும் ஊட்டுவதும் தன் பொறுப்பு, இடையிடையே தூங்கிக்கொள்கிறேன் என்றான்.

சண்முகவள்ளிக்கு அது பிடிக்கவில்லை. நல்லாயிருந்த காலத்தில் மருமகன் வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வராதவர். அவன் கை பட்டதும் உடம்பை விறைத்துக்கொண்டார். ஊட்டினால் வாயை இறுக்கினார். முதல் வாரம் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தே கிடந்தார். சாயங்காலம் மகள் வந்த பிறகுதான் சாப்பிட்டார். மாரீஸ்வரன் கஞ்சியைக் கலக்குவான், பக்கத்தில் வைப்பான், ஆறினால் மறுபடி சூடாக்குவான். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும், “அத்தை, இப்ப இந்தப் பக்கம் போடுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவான்.

நாலாவது வாரம் ஒரு மதியம் அவன் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டான். கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டு விழித்தான். சண்முகவள்ளி இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள” என்றார். “தண்ணி.”

அவன் எழுந்துபோய்ச் சொம்பை எடுத்து வந்தான்.